குழியை நிரப்புவார் யார்?
பழுதுற்ற நிலத்தைத் திருத்தும் பணிக்கு ஆளைத் தெரிந்தெடுக்கும் முறை

(எழுதியவர்: கொடகவெலைப் பகுதியில் பணியாற்றும் பயிற்றப்பட்ட தமிழாசிரியர்)

விழா மலரில் தமிழாசிரியன் எழுதுவதென்றால் சங்க இலக்கியத்தையோ பழைய அதிபர்களின் பெருமையையோ எழுதுவான் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அவ்வழக்கை மீறி, அடியேன் இங்கே ஒரு குழியைப் பற்றி எழுதப் புகுந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்க. குழியைப் பற்றித் தமிழாசிரியனுக்கு என்ன கவலை என்று வினவுவோருக்கு விடை இக்கட்டுரையின் போக்கிலேயே புலனாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை நாளொன்றில், தோட்டத்து லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கால் வழுக்கிப் பழைய மாணிக்கக் குழியொன்றினுள் வீழ்ந்தான். அருகிலே இறப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் குரல் கேட்டு ஓடிவந்து, கயிற்றை வீசி அவனைக் கரையேற்றினார். அன்று அவர் அந்த மலைச்சரிவில் வேலைக்கு வந்திராவிடின் அடுத்த நாள் வகுப்பிலே ஒரிடம் வெறுமையாய் இருந்திருக்கும்.

பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து மனுக்கொடுத்தோம். அதற்குரிய அலுவலகம் ஒன்று, பெயர் இங்கு வேண்டாம், குழியை நிரப்ப உத்தரவிட்டது. குறைந்த விலை கேட்ட ஒப்பந்தகாரரிடம் வேலை சென்றது. மூன்று நாட்கள் உழவு இயந்திரத்தில் மண் வந்தது, கொட்டினார்கள், பரப்பினார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். புல் முளைத்தது. நாங்களும் மகிழ்ந்தோம். மறு ஆண்டு மழையில் அந்த இடம் உள்வாங்கியது. மேலே பசும்புல், கீழே சேறு. தோட்டத் தொழிலாளி ஒருவருடைய கறவைப் பசு அதிலே இறங்கி மீளவில்லை. கூலியோடு அந்தப் பசுவின் பாலையும் நம்பி இரு பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பம் அது. அலுவலகத்திற்குச் சென்று கேட்டேன். கோவையைப் புரட்டிக் காட்டினார்கள். “வேலை பூர்த்தியாயிற்று” என்று எழுதியிருந்தது.

அந்தக் கோவையிலே வேலையைப் பற்றிய விவரம் ஒரே வரியில் இருந்தது: குழியை மண்ணிட்டு நிரப்புதல், ஒன்று. ஆழம் எவ்வளவு, எவ்வகை மண், எப்படி இறுக்குவது, நீர் எவ்வழியே போவது, யார் அளந்து பார்ப்பது, பின்னர் தாழ்ந்தால் யார் பொறுப்பு என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பொழுதுதான் எனக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. நம் நாட்டில் அரசாங்க வேலைக்கு விலை கோரும் பத்திரத்தைக் ‘கேள்விப்பத்திரம்’ என்கிறோம். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் எவரும் அறிவர்: வினா தெளிவற்றதாயின் விடையும் தெளிவற்றதாகவே வரும். ஒப்பந்தகாரர் கேட்ட கேள்விக்குத்தான் விடை எழுதினார். கேட்டவர்கள் சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே பழுதுற்ற நிலத்தைத் திருத்தும் பணிக்கு அரசு எவ்வாறு கேள்வி கேட்கவேண்டும், எவ்வாறு பொறியியலாளரையும் ஒப்பந்தகாரரையும் தெரிந்தெடுக்கவேண்டும் என்பதை மாணவரும் விளங்கும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குழியின் இயல்பு

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளை, காவத்தை, கொடகவெல, இறக்குவானை ஆகிய இடங்களிற் பிறந்தவர்க்கு மாணிக்கக் குழியை விளக்க வேண்டியதில்லை. எனினும் வெளியூர் வாசகர்க்காகச் சிறிது கூறுவேன். மாணிக்கக் கற்கள் பொதுவாக மலைப்பாறையினுள் இருந்தபடியே எடுக்கப்படுவதில்லை. பன்னெடுங் காலமாக மழையாலும் வெயிலாலும் சிதைந்த பாறைகளிலிருந்து கழுவுண்டு, பள்ளத்தாக்குகளின் அடியிலே பரற்கற்களோடு கலந்து படிந்து கிடக்கின்றன. அப்பரற்படையைச் சிங்களத்தில் ‘இல்லம’ என்பர். தமிழ்ச் செவிக்கு அது வீட்டைக் குறிக்கும் சொல்லாக ஒலிப்பது வியப்பே. அதைத் தேடி இருபது முப்பது அடியும் அதற்கு மேலும் தோண்டுவர். பக்கங்கள் சரியாதிருக்க மரக்குற்றிகளை அடுக்கி, இடையிலே பன்னச்செடிகளைத் திணிப்பர். நீரை இயந்திரத்தால் இறைத்துக்கொண்டே இருப்பர். பரலை எடுத்துக் கூடையிலிட்டு நீரில் அரித்துப் பார்ப்பர்.

வேலை முடிந்ததும் எஞ்சுவன நான்கு: ஆழமான குழி, அதன் கரையிலே குவிந்த மண், உள்ளே உக்கப்போகும் மரம், கலங்கிய நீர் ஓடும் வாய்க்கால். இந்நான்கினையும் அறியாதவர் குழியை நிரப்பவியலாது. ஏனெனில் தோண்டி எடுத்த மண் நெகிழ்ந்து பருத்து நிற்கும். அதை அப்படியே கொட்டினால் குழி நிரம்பியது போலத் தோன்றும். பின்னர் தன் பாரத்தாலும் மழைநீராலும் அமிழ்ந்து தாழும். உள்ளே விட்ட மரம் உக்கியதும் அங்கும் வெற்றிடம் உண்டாகும். மேல்மண் அடியிலும் களிமண் மேலிலும் போனால் அந்நிலத்தில் பயிர் வளராது. எங்கள் குழிக்கு நேர்ந்தது இதுவே.

முறையாகச் செய்வோர் முதலில் நீரை இறைத்துச் சேற்றை அகற்றுவர். எடுக்கக்கூடிய மரத்தை எடுப்பர். கல்லும் பரலும் கலந்த மண்ணை அடியிலிடுவர். அதன்மேல் ஓரடிக்கு மேற்படாத படைகளாக மண்ணிட்டு ஒவ்வொரு படையையும் திமிசாலோ இயந்திரத்தாலோ இறுக்குவர். தனியே காத்துவைத்த மேல்மண்ணைக் கடைசியிற் பரப்புவர். பின்னாளில் தாழ்வதை எண்ணி நடுவைச் சற்று உயர்த்தி விடுவர். சுற்றிலும் நீர்வடிகால் வெட்டிப் புல்லும் மரமும் நடுவர். சரிவான நிலமாயின் வேலை இன்னும் நுணுக்கமானது. 2016ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊரையே மூடியதை நாம் மறக்கவில்லை. மலையடிவாரத்தில் மண்ணை வெட்டுவதும் நீரைத் தேக்குவதும் விளையாட்டன்று.

2. சட்டம் கூறுவது

நிலத்தைக் கெடுத்தவரே அதைத் திருத்தும் செலவையும் ஏற்கவேண்டும் என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட நெறி. எப்பாவலைப் பொசுபேற்றுச் சுரங்கத் திட்டம் பற்றிய வழக்கில் 2000ஆம் ஆண்டில் நம் நாட்டு உயர் நீதிமன்றம் அந்நெறியை எடுத்துரைத்தது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அதே நீதிமன்றம் பாதிக்கப்பட்டோர்க்காக இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது.

மாணிக்க அகழ்வைப் பொறுத்தவரை, 1971ஆம் ஆண்டில் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனத்திற்கான சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை அதன் இடத்தைப் பெற்றது. உத்தரவுப் பத்திரம் பெறுபவர் குழியை மூடுவதற்கு உறுதியாக ஒரு தொகையைக் கட்டிவைக்கவேண்டும். அவர் ஒழுங்காக மூடினால் அது மீளும். மூடாது விட்டால் அப்பணத்தைக் கொண்டு மூடுவிக்கலாம். ஏற்பாடு நல்லதே. ஆயினும் இரு கேள்விகள் எழுகின்றன. கட்டிய தொகை உண்மையான செலவுக்குப் போதுமா? உத்தரவின்றித் தோண்டிய குழிக்கு யார் பணம் கட்டினார்? திருத்தும் செலவிலும் கட்டுபணம் குறைவாயிருப்பின், பணத்தை இழந்து குழியை விட்டுச் செல்வதே சிலர்க்கு இலாபமாகிவிடும். ஆதலால் திருத்துவதற்கு எவ்வளவு செல்லும் என்று முன்கூட்டியே அளந்து சொல்லத்தக்க பொறியியலாளர் தொடக்கத்திலேயே வேண்டும்.

3. முதலில் அறிதல், பின்னர் ஆளுதல்

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்து, அதனை அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ என்று வேறோர் அதிகாரம் வைத்தார். 51ஆம் அதிகாரமும் 52ஆம் அதிகாரமும் அவை. ஆளை ஆராய்ந்து தெளிவது ஒரு வேலை. தெளிந்த ஆளைத் தக்க வினையில் ஏவி ஆளுவது மற்றொரு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் இடத்திலேதான் அரசுப் பணிகள் கெடுகின்றன.

நிலந் திருத்தும் பணியில் நான்கு படிகள் உண்டு. முதலாவது, நிலத்தை ஆராய்ந்து எங்கே எவ்வளவு பழுது என்று அறிதல். இரண்டாவது, திருத்தும் வழிகளை ஒப்பிட்டுத் தக்கதைத் தெரிந்து வரைபடம் எழுதுதல். மூன்றாவது, அவ்வரைபடத்தின்படி வேலை செய்தல். நான்காவது, செய்த வேலையைச் சோதித்துப் பல ஆண்டுகள் கண்காணித்தல். முதலிரண்டும் அறிவு விலைபோகும் வேலைகள். மூன்றாவது உழைப்பும் இயந்திரமும் விலைபோகும் வேலை. நான்காவது நேர்மை விலைபோகாத வேலையாதல் வேண்டும்.

இந்நான்கினையும் ஒருவரிடமே ஒப்படைத்தால் நேர்வது யாது? நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் குணமாயிற்று என்று சான்று தருபவரும் ஒருவராகிவிடுவார். தேர்வெழுதும் மாணவனே தன் விடைத்தாளுக்குப் புள்ளியிட்டால் எவ்வாறிருக்கும்? ஆதலின் ஆராய்ந்து வரைபவர் ஒருவராகவும், செய்பவர் வேறொருவராகவும், சோதிப்பவர் இருவர்க்கும் கட்டுப்படாதவராகவும் இருத்தல் நன்று.

4. தரமும் விலையும்: ஒரு கணக்கு

செங்கல்லும் சீமெந்தும் வாங்குமிடத்துக் குறைந்த விலையை நாடுவது முறையே. ஒரே தரமான பொருளாயின் விலை ஒன்றே வேறுபாடு. ஆனால் அறிவை வாங்குமிடத்து அவ்வாறன்று. நம் நாட்டில் பொருள், கட்டுவேலை ஆகியவற்றின் பெறுகைக்கு 2006ஆம் ஆண்டிலும், ஆலோசகரைத் தெரிவதற்கு 2007ஆம் ஆண்டிலும் தனித்தனி வழிகாட்டிகள் வெளியிடப்பட்டதன் காரணம் இதுவே. 2025ஆம் ஆண்டு சனவரி முதல் புதிய வழிகாட்டிகள் நடைமுறைக்கு வந்தன.

ஆலோசகரைத் தெரியும்போது இரண்டு உறைகள் கோரும் முறையொன்று உண்டு. முதலுறையில் தகைமை, அனுபவம், செய்யும் முறை, வேலைக்கு வரும் பொறியியலாளரின் விவரம் ஆகியன இருக்கும். இரண்டாம் உறையில் விலை இருக்கும். முதலுறைக்குப் புள்ளியிட்டு முடித்த பின்னரே இரண்டாம் உறை திறக்கப்படும். தேவையான புள்ளியைப் பெறாதவரின் விலையுறை திறக்கப்படாமலே திரும்பும்.

மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்ப்பாராக. முதலாம் நிறுவனம் தரத்தில் 90 புள்ளி பெற்றது. விலை 50 இலட்சம் ரூபா. இரண்டாம் நிறுவனம் தரத்தில் 75 புள்ளி பெற்றது. விலை 40 இலட்சம் ரூபா. குறைந்த விலைக்கு 100 புள்ளி. எனவே 40 இலட்சத்துக்கு 100, 50 இலட்சத்துக்கு 80. தரத்துக்கு நூற்றுக்கு 80 பங்கும் விலைக்கு 20 பங்கும் என முன்னரே விதித்திருந்தால், முதலாம் நிறுவனத்துக்கு 72ம் 16ம் சேர்ந்து 88. இரண்டாம் நிறுவனத்துக்கு 60ம் 20ம் சேர்ந்து 80. முதலாம் நிறுவனம் வெல்லும். பங்கை மாற்றித் தரத்துக்கு 40, விலைக்கு 60 என்று வைத்தால், முதலாவதற்கு 36ம் 48ம் சேர்ந்து 84. இரண்டாவதற்கு 30ம் 60ம் சேர்ந்து 90. இப்பொழுது இரண்டாம் நிறுவனம் வெல்லும்.

நிறுவனங்கள் மாறவில்லை, விலையும் மாறவில்லை. பங்கு மாறியதும் வெற்றி மாறிற்று. ஆகவே பங்கை விதிப்பவரே உண்மையில் ஆளைத் தெரிகின்றார். அப்பங்கை உறைகள் வருமுன் வெளிப்படையாய் அறிவிக்கவேண்டும் என்பதன் பொருள் இப்பொழுது விளங்கும். உறை திறந்த பின் பங்கை மாற்றுவது, விடைத்தாள்களைப் பார்த்த பின் புள்ளித் திட்டம் எழுதுவதை ஒக்கும்.

வேலை செய்யும் ஒப்பந்தகாரரைத் தெரியும்போது விலைக்குப் பெரிய இடம் உண்டு. ஆயினும் அங்கும் தகுதி பார்த்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிருமாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் ஒப்பந்தகாரர் தரவாரியாகப் பதிவு பெறுகின்றனர். மதிப்பீட்டிலும் மிகக் குறைந்த விலை வந்தால், அவ்விலையில் எப்படிச் செய்வீர் என்று கணக்குக் கேட்டல் வேண்டும். எங்கள் குழியை நிரப்பியவரிடம் ஒருவரேனும் அதைக் கேட்டிருந்தால், இறுக்கும் கூலி அந்த விலையில் இல்லை என்பது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

5. பிற நாட்டு ஏற்பாடு

அமெரிக்க நாட்டின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில், லவ் கால்வாய் என்னும் பழைய வெட்டுவாய்க்கால் ஒன்றிலே 1942 முதல் 1953 வரை இரசாயனத் தொழிற்சாலையொன்று ஏறத்தாழ 21,000 தொன் கழிவைப் புதைத்தது. பின்னர் அந்நிலத்தை ஒரு டொலர் விலைக்குக் கல்விச் சபைக்கு விற்றது. அங்கே பாடசாலை எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. நஞ்சு மேலே கசிந்து வரவே 1978ஆம் ஆண்டில் அவசர நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு மக்கள் அகற்றப்பட்டனர். அதன் விளைவாக 1980ஆம் ஆண்டு டிசெம்பரில் பெருநிதிச் சட்டம் என்று வழங்கும் சட்டம் பிறந்தது. கெடுத்தவரைக் கண்டுபிடித்துச் செலவை வசூலித்தல், கெடுத்தவர் அகப்படாவிடின் நிதியிலிருந்து திருத்துதல், நச்சுப்பொருள் எஞ்சி நிற்கும் இடத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளப் பார்த்தல் என்பன அதன் கூறுகள். அந்த இடம் முதன்மைப் பட்டியலிலிருந்து நீங்கியது 2004ஆம் ஆண்டிலேதான். கழிவைப் புதைத்தது பதினோராண்டு. திருத்தியது கால் நூற்றாண்டு.

அந்நாட்டிலேயே 1972ஆம் ஆண்டில் புரூக்ஸ் சட்டம் என்பது நிறைவேறியது. மத்திய அரசுக்கு வரைபடப் பணியும் ஆராய்ச்சிப் பணியும் செய்யும் பொறியியல் நிறுவனங்களை விலையைக் கேட்டுத் தெரிதல் கூடாது என்பது அதன் உட்கிடை. தகைமையால் வரிசைப்படுத்தி, மூன்றுக்குக் குறையாத நிறுவனங்களைப் பொறுக்கி, முதல்வரோடு நியாய விலை பேசுவர். பேச்சு முறிந்தால் அடுத்தவரிடம் செல்வர். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதென்று ஒருவர்க்கும் தெரியாத நிலையில் விலைப்போட்டி வைத்தால், குறைவாய்த் தோண்டிப் பார்ப்பவரே வெல்வார். குறைவாய்த் தோண்டிப் பார்த்தவர் குறைவாய் அறிவார். அறியாதது பிற்பாடு பெருஞ் செலவாய் வரும். இம்முறைக்கும் குறை உண்டு. விலைப்போட்டி இல்லாதவிடத்து அரசின் சொந்தப் பொறியியலாளர் நியாய விலையை மதிக்கத் தெரிந்தவராக இருத்தல் இன்றியமையாதது. வாங்குபவருக்கு அறிவில்லாவிடின் எந்த முறையும் காப்பாற்றாது.

6. நம்மை அடுத்த இரு நிகழ்ச்சிகள்

தமிழ்நாட்டுக் கொடைக்கானல் மலையில் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய சாமான் கடையொன்றிற் கிடந்தது தெரியவந்ததும், 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் 290 தொன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் மண்ணிற் கலந்த பாதரசத்தை எவ்வளவுக்கு நீக்குவது என்பதிலே வழக்கு நீண்டது. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் என்ற அளவை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. சோலைக்காடு அருகிலிருப்பதால் அதனினும் கடுமையான அளவு வேண்டுமென்று ஊரவரும் சூழலியலாரும் வாதிட்டனர். ஆண்டுகள் பல கழிந்தன.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு எண்ணால் பொருள் சொல்லாமல் எவரையும் வேலைக்கு அமர்த்தல் இயலாது. அந்த எண்ணை வேலைக்காரரோ கெடுத்தவரோ நிச்சயிக்கக் கூடாது. அங்கே வாழ்வோர் முன்னிலையில், அந்நிலம் பின்னர் எதற்குப் பயன்படும் என்பதை எண்ணி, அரசு நிச்சயித்தல் வேண்டும். விளையாட்டிடமாகப் போகும் நிலத்துக்கு ஓரளவு. தொழிற்சாலை நிற்கும் நிலத்துக்கு ஓரளவு. ஊற்றுக்கு மேலுள்ள நிலத்துக்கு வேறோரளவு.

மற்றொன்று போபால். 1984ஆம் ஆண்டு டிசெம்பர் 2, 3ஆம் நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட செய்தியை உலகம் அறியும். தொழிற்சாலையில் எஞ்சிய கழிவு அங்கேயே கிடந்தது. 2012ஆம் ஆண்டில் அதை விமானத்தில் ஜேர்மனிக்குக் கொண்டுசென்று எரிக்க ஜேர்மானிய நிறுவனமொன்று முன்வந்தது. ஏறக்குறைய 25 கோடி இந்திய ரூபா செலவில் இந்திய அரசும் யூன் மாதம் இசைந்தது. ஒப்பந்த நிபந்தனைகளில் உடன்பாடு எட்டாமல் செப்டெம்பரில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஈற்றில், 2025ஆம் ஆண்டு பிறந்த அன்றிரவு, 337 தொன் கழிவு பன்னிரண்டு பாரவூர்திகளில் பீதாம்பூர் என்னுமிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்குள்ளோர் எதிர்த்தனர், நீதிமன்றம் சோதனை எரிப்புக்கு உத்தரவிட்டது, யூன் மாத முடிவில் எரிப்பு நிறைவுற்றது. செலவுக்கென ஒதுக்கிய தொகை 126 கோடி. போபாலின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது இன்னும் எஞ்சியிருக்கிறது.

நாற்பதாண்டுத் தாமதத்துக்குக் காரணம் எரிக்கத் தெரிந்தவர் இல்லாமையன்று. வழியில் விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, இறக்குமிடத்து மக்களுக்கு யார் விடை சொல்வது என்பவை தீராமையே பெருங்காரணமாம். பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று ஒப்பந்தத்தில் எழுதாதவரை நல்ல பொறியியலாளரும் கை வைக்க அஞ்சுவர்.

நம் நாட்டிலும் தாமதத்தின் விலையை அறிந்தோம். 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையிற் குவிந்திருந்த கொழும்பின் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஊரவர் நெடுங்காலம் முறையிட்டும் தீராத குறை, பாற்சோறு பொங்கிய நாளிலே வீடுகளை மூடியது.

7. ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை

ஒரு சிறு குழிக்கும் பெருங் குப்பைமேட்டுக்கும் பொதுவான விதிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவேன்.

வேலையின் அளவைப் பட்டியல் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே காட்டவேண்டும்: நீரிறைத்தல் இவ்வளவு, மண்ணிடல் இத்தனை கனமீற்றர், இறுக்கல் இவ்வளவு, வடிகால் இத்தனை மீற்றர், மரம் இத்தனை. அளந்தறிய இயலாத பகுதிக்கு மொத்த விலை கேட்டல் ஆகாது. அலகு விலை கேட்டு, செய்த அளவுக்கு அளந்து கொடுத்தலே இருபாலார்க்கும் நியாயம். எதிர்பாராதது தோன்றினால் வேலையை நிறுத்தி யாரிடம் அறிவிப்பது என்ற வழியும் எழுதப்படல் வேண்டும்.

ஒவ்வொரு படையும் மூடப்படுமுன் சோதிக்கப்படல் வேண்டும். மண்ணுக்குள் மறைந்த வேலையை முடிந்தபின் எடுத்த படம் காட்டாது. சோதிப்பவர்க்குக் கூலி தருபவர் ஒப்பந்தகாரராய் இருத்தல் தகாது.

கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, குறைதீர்க்கும் காலம் முடிந்த பின்னரே விடுவித்தல் வேண்டும். நம் பகுதியில் அக்காலம் ஒரு முழு மழைப்பருவத்தையேனும் கடந்து செல்லவேண்டும். வெயிலில் முடித்த வேலையை மழைதான் சோதிக்கும். எங்கள் குழிக்கு இந்த ஒரு நிபந்தனை இருந்திருப்பின் அந்தப் பசு பிழைத்திருக்கும்.

கடைசியாக, கேள்விப்பத்திரமும் வரைபடமும் அவ்வூர் மக்கள் வாசிக்கத்தக்க மொழியிலே பொதுவிடத்தில் ஒட்டப்படல் வேண்டும். நம் தோட்டத்து மக்கள் தம் பாதையருகே நடக்கும் வேலையைப் பற்றித் தமிழில் வாசித்தறியின், அவர்களே சிறந்த மேற்பார்வையாளர் ஆவர். தினந்தோறும் அவ்வழியே நடப்பவர் அவர்களல்லரோ!

8. பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

இக்கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், பிரதேச சபையில் அமர்ந்தோர் உளர், ஒப்பந்தகாரரும் உளர். கேள்விப்பத்திரம் வைக்கப்படும் மேசையின் இருபுறத்திலும் நம்மவர் இருக்கின்றனர். அப்புறம் இருப்பவர் செம்மையாகக் கேட்கவும், இப்புறம் இருப்பவர் செம்மையாக விடையளிக்கவும் கற்றது இந்த வகுப்பறைகளிலேதான்.

அந்தக் குழி பின்னர் மறுபடியும் நிரப்பப்பட்டது. இம்முறை ஊரவர் வாரந்தோறும் முறைவைத்து வேலையைப் பார்வையிட்டனர். பழைய மாணவரொருவர், தம் பெயர் வேண்டாமென்றார், விடுமுறை நாளில் வந்து ஒரு தாளில் பத்து வரி எழுதித் தந்தார். ஆழம், மண், படை, இறுக்கல், வடிகால், சோதனை, பிடிபணம் என்பனவே அப்பத்து வரிகள். அவ்வலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு ஐப்பசிகள் கடந்தன, நிலம் தாழவில்லை. அன்று குழியில் வீழ்ந்த மாணவன் அங்கே ஒரு பலாக்கன்றை நட்டான். இன்று அது அவன் தோளளவு நிற்கிறது.

ஒரு வரிக்கும் பத்து வரிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவ்வளவே. அதை எழுதத் தெரிந்தவரை உருவாக்குவது கல்லூரியின் கடன். எழுதிக்கொடுப்பது கற்றவர் கடன்.

மாணவர்க்குப் பயிற்சி வினாக்கள்

1. தோண்டிய மண்ணை அப்படியே கொட்டி நிரப்பிய குழி பின்னர் தாழ்வது ஏன்?
2. இக்கட்டுரையிலுள்ள கணக்கில் தரத்துக்கு 60 பங்கும் விலைக்கு 40 பங்கும் விதித்தால் எந்நிறுவனம் வெல்லும்? விடையைக் கணித்து, அது உமக்குச் சரியெனத் தோன்றுகிறதா என்பதையும் காரணங் காட்டி எழுதுக.
3. ஆராய்பவர், செய்பவர், சோதிப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு உம் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
4. உமது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள பழுதுற்ற இடமொன்றைத் தெரிந்து, அதனைத் திருத்துவதற்கான கேள்விப்பத்திரத்தைப் பத்து வரிகளில் எழுதுக.